தலைமை மரத்துக்குப் பசளை போட்ட நாள்

தாழ்நிலக் கோப்பி மேம்பாட்டு நிலையத்தின் கணக்குப்படி மட்டக்களப்பில் மழை தொடங்குவது மே மாதம் பதினைந்தாம் திகதி காலை ஒன்பது மணிக்கு. உத்தியோகத்தர்கள் கையெழுத்துப் போட்டு உள்ளே வர ஒன்பது மணியாகும் என்பதால் மழையும் அதற்கு முன் வருவதில்லை.

மழைக்கு இந்த விஷயம் தெரியாது. அது தன்பாட்டுக்கு ஐப்பசியில் இருட்டி, கார்த்திகையில் கொட்டி, தை முடிய ஓய்ந்துவிடும். மே மாதத்தில் நாவற்குடாவில் பெய்வது வெயில் மட்டும்தான். வறண்ட கச்சான் காற்று மேற்கே வாவியைத் தாண்டி வந்து, கொடியில் போட்ட சீலையைக் கால் மணி நேரத்தில் அப்பளம்போல் ஆக்கிவிட்டுப் போகும். ஆனால் நிலையத்தின் பணிப்பாளர் நல்லரத்தினத்தின் கதிரைக்குப் பின்னால், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய ‘பசளைப் பருவ அட்டவணை’யில் மே பதினைந்துக்கு நேரே ஒரு குடை வரைந்திருந்தது. அட்டவணை மலைநாட்டில் தயாரானது. அங்கே மே மாதம் மழை பெய்யும். எழுதியவர்கள் யன்னலால் வெளியே பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த அளவில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இமெல்டா இந்த நிலையத்தின் இருநூற்றுப் பதினோராம் இலக்கப் பயனாளி. கோயில் மண்டபத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் படிப்பிப்பவள். சீதனமாக வந்த அரை ஏக்கர் தென்னந்தோட்டத்தில், மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்கழியில், நிலையம் கொடுத்த ஐம்பத்து நான்கு கோப்பிக் கன்றுகளை நட்டாள். அதற்கு முன் முப்பத்திரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்றில் பக்கத்துக்கொரு கையெழுத்து வைத்தாள். மரங்கள் அவளுடைய காணியில் நின்றாலும், அட்டவணையை மீறினால் நிலையம் அவற்றைப் பிடுங்கிக்கொண்டு போகலாம் என்பது அதன் சாரம்.

முதல் மே மாதம் அவள் சொன்னபடி செய்தாள். வெளிக்கள உத்தியோகத்தர் தனுஷா மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, கறுத்துப் போகாமல் இருக்க முகத்தில் கிறீமும் பூசிக்கொண்டு வந்து நின்றாள். மரத்துக்கு நூற்றைம்பது கிராம் உரப் பசளை. இமெல்டா சமையலறைத் தராசில் நிறுத்து, ஐம்பத்து நான்கு சின்னப் பைகளில் கட்டி வைத்திருந்தாள். மண் சாம்பல்போல் கிடந்தது.

“மிஸ், தண்ணி கொஞ்சம் ஊத்தட்டா?”

“ஊத்தப்படாது அன்ரி. மழைக்காலத்தில தண்ணி ஊத்தினா மழையில நம்பிக்கை இல்லையெண்டு எழுதவேண்டி வரும். எனக்கு அதுக்கு வேற படிவம் இருக்கு.”

பத்தாம் நாள் இலை விளிம்புகள் கருகின. இருபதாம் நாள் பத்தொன்பது மரங்கள் விறகாக நின்றன. இமெல்டாவுக்கு முதலில் தன்மேல்தான் சந்தேகம் வந்தது. தராசு பிழையாக இருக்குமோ என்று ஒரு கிலோ சீனிப் பைக்கற்றை மூன்று தரம் நிறுத்துப் பார்த்தாள். தராசு சரி. கை பிழையோ என்று யோசித்தாள். புருஷன் அன்ரோ, படகு இயந்திரம் திருத்துபவன், எண்ணெய்க் கையோடு வந்து ஒரு மரத்தை முறித்துப் பார்த்தான்.

“காய்ஞ்ச மண்ணில உப்பக் கொட்டினமாதிரித்தான்கா இது. வேர் வெந்து போச்சு.”

“அவங்க படிச்சவங்க. நான்தான் என்னவோ பிழை விட்டிருக்கன்.”

“அப்ப நீ விட்ட பிழை, அவங்கட சொல்லக் கேட்டதுதான்.”

நிலையத்துக்கு ‘மர இறப்பு அறிக்கை’ கொடுக்க வேண்டும். அதில் காரணத்துக்கு நான்கு பெட்டிகள் இருந்தன. பயனாளியின் கவனயீனம், பயனாளியின் அறியாமை, பயனாளியின் ஒத்துழையாமை, மேற்கூறிய அனைத்தும். இமெல்டா வெகுநேரம் பேனையைப் பிடித்தபடி இருந்துவிட்டு இரண்டாவதில் புள்ளடி போட்டாள். அன்று வீட்டுக்கு வரும் வழியில்தான், பேருந்தில் நின்றபடியே, அந்தப் புள்ளடியை நினைத்து அவளுக்குக் கன்னம் சுட்டது. பத்தொன்பது மரத்துக்காக வந்த துக்கம் அந்த இடத்தில் வேறொன்றாக மாறியது. அதற்குப் பெயர் வைக்க அவள் அவசரப்படவில்லை.

அடுத்த மே மாதம் கொடுத்த பசளையை அவள் போட்டதாகக் கையெழுத்து வைத்துவிட்டு, மூட்டையைக் கட்டி அறைக்குள் தூக்கி வைத்தாள். கார்த்திகை பிறந்தது. மூன்று நல்ல மழை பெய்யும்வரை பொறுத்தாள். விரலை மண்ணுக்குள் விட்டு, அடி வரைக்கும் ஈரம் இருக்கிறது என்று கண்டபிறகு, தண்டில் படாமல், கிளை நுனிக்கு நேர் கீழே வட்டமாகத் தூவி, மண்ணால் மூடி, மேலே சருகு பரப்பினாள். அன்றைக்குப் பாதியளவுதான். மீதியை வெள்ளம் வடிந்து, மழை ஓய முன் தை மாதத்தில் போட்டாள். அதே பசளை, அதே தராசு, அதே கை. மரங்கள் கரும்பச்சையாகி, மாசியில் மல்லிகைபோல் பூத்தன.

முழுதாக மறைத்துச் செய்யவும் அவளுக்கு மனம் இல்லை. கார்த்திகையில் ஒருநாள் குடையும் நனைந்த சீலையுமாக நிலையத்துக்குப் போய், மற்றப் பயனாளிகளுக்கும் இப்போதே பசளை கொடுத்தால் நல்லது என்று பணிப்பாளரிடம் சொல்லிப் பார்த்தாள். நல்லரத்தினம் அவளை அன்போடு பார்த்தார். வெளியே பெய்த மழையில் அவருடைய குரல் பாதிதான் கேட்டது.

“அட்டவணையில் உள்ள நாட்களில் பெய்வதைத்தான் நாங்கள் மழை என்போம், அம்மா. மற்ற நாட்களில் பெய்வது வெள்ளம். வெள்ளம் எங்களுடைய விடயப்பரப்பு அல்ல. அதற்கு வேறு திணைக்களம் இருக்கிறது. இருபத்தாறு வருட சேவையில் நான் ஒருமுறையேனும் வானத்தைப் பார்த்துத் தீர்மானம் எடுத்தவன் அல்லன். என்னுடைய தனிப்பட்ட கோவையைப் பார்த்தால் தெரியும், ஒரு சிறு கறை இல்லை.”

அந்த நேரம் கூரையால் ஒழுகிய தண்ணீர் கோவைத் தாள்கள்மேல் விழுந்துகொண்டிருந்தது. ஓர் ஊழியர் வந்து அதை வெள்ளச் சேதம் என்று பதிந்துவிட்டுப் போனார்.

பங்குனியில் இமெல்டாவுக்கு விசாரணைக் கடிதம் வந்தது. மூன்று பேர் கொண்ட குழு. நடுவில் நல்லரத்தினம். குற்றச்சாட்டைத் தனுஷா எழுந்து நின்று வாசித்தாள்: “பருவம் தவறிய செழிப்பு.”

“உங்கள் மரங்கள் ஏன் பச்சையாக இருக்கின்றன?” என்று கேட்டார் நல்லரத்தினம்.

“கார்த்திகையில பசளை போட்டன் சேர்.”

“அப்படியானால் மே மாதம் கொடுத்த பசளை?”

“அததான் சேர் கார்த்திகையில போட்டன்.”

குழு சிறிது நேரம் கலந்து பேசியது. மே மாதத்தில் போடாதது ஒரு குற்றம், கார்த்திகையில் போட்டது இன்னொரு குற்றம், மரங்கள் அதற்கு உடன்பட்டது மூன்றாவது. தீர்ப்பை நல்லரத்தினமே சொன்னார். வருகிற மே பதினைந்தில், குற்றத்துக்கு ஒரு மடங்காக, மரத்துக்கு மூன்று மடங்கு பசளை உத்தியோகத்தரின் முன்னிலையில் போடவேண்டும். மறுத்தால் முப்பத்தைந்து மரங்களும் பிடுங்கப்படும்.

“மூண்டு மடங்கு போட்டா ஒண்டும் மிஞ்சாது சேர்.”

“மிஞ்சுவதும் மிஞ்சாததும் மரங்களின் ஒழுக்கத்தைப் பொறுத்தது” என்றார் அவர்.

வெளியே வந்த இமெல்டா வாசல் படலையடியில் நின்றுவிட்டாள். அங்கே நிலையத்தின் ‘தலைமை மரம்’ நின்றது. சுற்றிவரக் கம்பி வேலி, பளிங்குப் பலகை. பதினோரு வருடத்துக்கு முன் நல்லரத்தினம் தன் கையால் நட்ட கோப்பி மரம் அது. இலைகள் எண்ணெய் தடவியதுபோல் மின்னின. மே மாதத்துப் பசளையில் பதினோரு வருடம் ஒரு மரம் இப்படி நிற்க முடியுமா? அவள் மறுபடியும் தன்னையே சந்தேகிக்கத் தொடங்கினாள். மரத்தடியைக் கூட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் அசனார், ஏறாவூர்க்காரர், அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தும்புத்தடியைச் சாய்த்து வைத்தார்.

“என்ன தங்கச்சி, மரத்தோட கோவமா?”

“இந்த மரத்துக்கு எப்ப காக்கா பசளை போடுற?” அண்ணன் முறைக்கு ஏறாவூர்ப் பக்கம் காக்கா என்பார்கள்.

அசனார் அலுவலகப் பக்கம் ஒருதரம் பார்த்தார். “மழைக்குத்தான். வேற எப்ப போடுற? மே மாசம் சேர் தாறத வாங்கி, ஓம் சேர் எண்டு சொல்லி, தண்ணி மோட்டர் அறைக்குள்ள வைச்சிருவன். மாரி வந்தாப் போடுவன். சேர் ஒரு நாளும் கேட்டதில்ல. அவர் மரத்த வருசத்தில ஒருதரம் பார்ப்பார், அதுவும் கமெராவப் பார்த்துக்கிட்டு.”

இமெல்டா அன்று முழுவதும் ஒப்பந்தத்தை வாசித்தாள். முப்பத்திரண்டு பக்கத்தையும், கையெழுத்து வைத்த இடங்களைத் தவிர, ஒருவரும் இதுவரை வாசித்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. இருபத்தொன்பதாம் பக்கத்தில் அது கிடந்தது: ஐயப்பாடு கொள்ளும் பயனாளி எழுத்தில் கோரினால், நிலையம் அதே அளவு, அதே நாளில், தன் மரமொன்றுக்கு இட்டுச் செய்து காட்ட வேண்டும், அதன் பின் பதினெட்டு நாட்களுக்குள் பயனாளி அவ்வாறே செய்ய வேண்டும். நிலையத்துக்கு இருந்தது ஒரேயொரு மரம்.

கடிதத்தைக் கொடுக்குமுன் அவள் அசனாரிடம் போனாள். சொல்லாமல் செய்ய அவளுக்குக் கூசியது. அவர் கேட்டுவிட்டு மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“மரம் என்ன குத்தம் செஞ்சிச்சி தங்கச்சி?”

“என்ட பத்தொன்பதும் என்ன காக்கா செஞ்ச?”

அசனார் தலைமை மரத்தின் ஒரு இலையை விரலால் துடைத்தார். “பதினோரு வருசம். எனக்கு இன்னும் நிரந்தர நியமனம் இல்ல. போன வருசம் இந்த மரத்துக்காக அவருக்குத்தான் விருது குடுத்த. அந்தப் படத்தில என்ட கை மட்டும் இருக்கு, மண்வெட்டியோட.” பிறகு சொன்னார்: “மே பதினைஞ்சு வெள்ளிக்கிழம. நான் லீவு.”

கடிதத்தைக் கண்டதும் நல்லரத்தினம் மகிழ்ந்துபோனார். ஒரு சாதாரண தையல் ரீச்சரின் ஐயத்தைத் தீர்க்க மட்டும் அவர் அதைச் செய்யத் தயாராக இல்லை. விழாவாகவே செய்யத் தீர்மானித்து, பதினெட்டாம் நாளுக்குள் அவளும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று பதில் கடிதமும் கொடுத்தார். பந்தல் போட்டார்கள். மழைக்காலம் என்பதால் விருந்தினர்கள் குடையோடு வரவேண்டும் என்று அழைப்பிதழில் குறிப்பு இருந்தது. ஒரு முகில்கூட இல்லாத வானத்தின் கீழே பத்து விருந்தினர்கள் மழைக்கோட்டுக்குள் வியர்த்து ஒழுகினார்கள். கச்சான் காற்று மூன்று குடைகளை வாவிக்குள் கொண்டுபோய்ப் போட்டது. அறிவிப்பாளர் அதைப் பருவக் காற்று என்று வரவேற்றார்.

பசளையின் அளவில் ஒரு சிறு சிக்கல் வந்தது. வளர்ந்த மரம் என்பதால் மூன்று மடங்குக்கு ஒரு கிலோ கணக்கு. அதை யார் போடுவது? பணிப்பாளர் போட்டால் பிரதம விருந்தினருக்குக் குறைவு. பிரதம விருந்தினர் போட்டால் சிறப்பு விருந்தினர்கள் நால்வரும் சும்மா நிற்கவேண்டும். கடைசியில் யாரும் மனம் நோகாமல் ஆளுக்கொரு கிலோ என்று முடிவானது. பித்தளைத் தட்டங்களில் பதினொரு கிலோ வந்தது. ஒவ்வொருவரும் கமெராவைப் பார்த்தபடி தண்டோடு சேர்த்துக் கொட்டினார்கள். நல்லரத்தினம் கடைசியாகத் தன் கிலோவைக் கொட்டிவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“சிலர் கேட்கிறார்கள், மண் காய்ந்திருக்கிறதே என்று. நான் கேட்கிறேன், மண்ணை யார் பார்க்கச் சொன்னது? ஒவ்வொருவரும் மண்ணைப் பார்த்து, மரத்தைப் பார்த்து, தன் இஷ்டத்துக்குப் பசளை போடத் தொடங்கினால் பிறகு நாங்கள் எதற்கு?”

பலத்த கைதட்டல் எழுந்தது. இமெல்டா எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகத் தட்டினாள்.

அதன்பிறகு தினமும் தையல் வகுப்புக்குப் போகும் வழியில் நிலையத்துப் படலையடியில் இறங்கி, மரத்தைப் பார்த்து, கொப்பியில் ஒரு வரி எழுதினாள். நாலாம் நாள் இலை நுனிகள் கருகின. அறிவித்தல் பலகையில் ‘பொன்னிறப் பருவம்’ என்று போட்டார்கள். எட்டாம் நாள் இலைகள் உதிர்ந்தன. உத்தியோகத்தர்கள் வருமுன் அவற்றைக் கூட்டிவிட அசனாருக்குக் கட்டளை. அவர் அவற்றைச் சாக்கில் கட்டி, எறியாமல் வைத்திருந்தார். பதின்மூன்றாம் நாள் மரத்தைச் சுற்றித் துணி மறைப்புக் கட்டி, வாசலில் ஒரு மட்டையில் ‘கலந்துரையாடல் நடைபெறுகிறது’ என்று எழுதி வைத்தார்கள். இமெல்டா துணி இடுக்கால் பார்த்தாள். கலந்துரையாடலில் மரம் மட்டும் இருந்தது. அவளுக்குச் சந்தோசம் வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது. ஆனால் கூடவே அசனாரின் முகமும் வந்தது. அன்றைய வரியை அவள் இரண்டு தரம் வெட்டி எழுதினாள்.

பதினெட்டாம் நாள் ஜூன் இரண்டு. அன்றைக்குத்தான் கொழும்பிலிருந்து மேற்பார்வைக் குழு ஒன்று வருகிறது என்று முதல்நாள் தனுஷா வந்து சொன்னாள்.

“அன்ரி, அவங்க உங்கட தோட்டத்துக்குத்தான் வாறாங்க.”

“என்ட தோட்டத்துக்கு என்னத்துக்கு மிஸ்? நான் குற்றவாளியல்லா?”

தனுஷா நிலத்தைப் பார்த்தாள். “வருடாந்த அறிக்கையில உங்கட மரங்கட படத்தத்தான் சேர் போட்டவர். அட்டவணையின் வெற்றி எண்டு. பச்சையா வேற ஒருத்தர்ட தோட்டமும் இல்ல.”

இமெல்டா தோட்டத்துப் பச்சையை ஒருதரம் சுற்றிப் பார்த்தாள். பிறகு அன்ரோவைக் கூப்பிட்டு வீட்டில் உள்ள கோப்பை, சட்டி, தட்டு எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னாள். போதாததற்குப் பக்கத்து வீட்டிலும் வாங்கினாள். முப்பத்தைந்து பாத்திரங்கள். ஒவ்வொன்றிலும் நானூற்றைம்பது கிராம் நிறுத்துப் போட்டு, மரத்துக்கு ஒன்றாக வைத்தாள்.

“உனக்கு விசரா புள்ள? அந்த மனிசன் கொட்டினாலும் கொட்டிப் போடுவான்” என்றான் அன்ரோ.

“கொட்டினா எல்லாம் போச்சு” என்றாள். கடைசிச் சட்டியில் இருபது கிராம் கூடிவிட்டது. திரும்ப எடுத்து நிறுத்தாள்.

பத்து மணிக்கு வாகனங்கள் வந்தன. குழுவின் தலைவி நரைத்த தலையும் வெயில் தொப்பியுமான ஓர் அம்மா. மரங்களைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. பச்சைக் காய்கள் கணுக்கணுவாக ஒட்டிக்கொண்டிருந்தன. நல்லரத்தினம் மழைக்கோட்டோடு முன்னே வந்து, அட்டவணையை ஒழுங்காகப் பின்பற்றியதன் பயன் இது என்று ஆரம்பித்தார்.

“சேர்” என்றாள் இமெல்டா. “நல்ல நேரத்தில வந்தீங்க. இண்டைக்குப் பதினெட்டாம் நாள். தலைமை மரத்துக்குச் செஞ்சமாதிரியே இதுகளுக்கும் செய்யச் சொல்லி நீங்க தந்த கடிதம் இஞ்ச இருக்கு. முதல் சட்டி உங்கட கையால போட்டாத்தான் எனக்குத் திருப்தி.”

அவருடைய கையில் சட்டியைக் கொடுத்தாள். குழுத் தலைவி கடிதத்தை வாங்கி வாசித்தார். கமெராக்காரன் வழக்கம்போல் முன்னால் ஓடிவந்து நின்றான். நல்லரத்தினம் மரத்தைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். துணி மறைப்புக்குள் நின்றதை அவர் காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தார். இந்த மரங்கள் போனால் அறிக்கையும் போகும், படமும் போகும். சட்டி மெல்லச் சரிந்தது. இமெல்டா அவருடைய மணிக்கட்டையே பார்த்தாள்.

“இன்றைக்கு வேண்டாம்” என்றார் அவர்.

“ஏன் சேர்?”

“கொஞ்சம் பொறுத்துச் செய்யலாம்.”

“அட்டவணையில குடை போட்டிருக்கே சேர். இது மழைக்காலந்தானே?”

மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஒரு துளி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது. குழுத் தலைவி அமைதியாகக் கேட்டார்: “என்ன பிரச்சினை, மிஸ்டர் நல்லரத்தினம்?”

“மண் காய்ந்திருக்கிறது” என்றார் நல்லரத்தினம்.

“கேக்கல்ல சேர்.”

“மண் காய்ந்திருக்கிறது. மழை பெய்யவில்லை.” இருபத்தாறு வருடத்தில் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல்தடவை. நாக்கு புது ஊருக்கு வந்ததுபோல் தடுமாறியது. “மேயில் இங்கே மழை பெய்வதில்லை.”

“அத எழுத்தில தாங்க சேர். இந்தப் பக்கத்து மரங்களுக்கு மாரி மழைக்குத்தான் பசளை எண்டும் எழுதி, பேரப் போட்டு, சீலும் குத்தித் தாங்க. தனுஷா மிஸ்ஸிட்ட சீல் இருக்கு.”

தனுஷா கைப்பையைத் திறந்த வேகம் அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். நல்லரத்தினம் தென்னை மரத்தில் தாளை வைத்து எழுதினார். இமெல்டா வாங்கி, எழுத்துக்கு எழுத்து வாசித்து, ‘பெய்வதில்லை’க்குப் பின் முற்றுப்புள்ளி இல்லை என்று திருப்பிக் கொடுத்தாள். அவர் போட்டுத் தந்தார். பிறகு குழு தலைமை மரத்தைப் பார்க்க விரும்பியது. இமெல்டாவும் அன்ரோவின் மோட்டார்ச் சைக்கிளில் பின்னாலேயே போனாள். அசனார்தான் துணியை இழுத்துவிட்டார். குழுத் தலைவி இலையில்லாத கிளை ஒன்றை ஒடித்துப் பார்த்தார். அசனார் அதைப் பார்க்காமல் திரும்பிப் போய் மோட்டர் அறைக்குள் நின்றார்.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தம் முடிந்த கிழமை, நல்லரத்தினம் தனியாக நாவற்குடாவுக்கு வந்தார். மழைக்கோட்டு இல்லை. படலைக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமினார். இமெல்டா கதிரை எடுத்துப் போடவில்லை.

“ஒரு கன்று தேவைப்படுகிறது, அம்மா. ஆவணியில் மறுபடியும் குழு வருகிறது. அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. மாவட்டத்தில் உங்களிடம் மட்டும்தான் நல்ல கன்று இருக்கிறது என்கிறார்கள்.”

“இருக்கு சேர். கொப்பு வெட்டி வேர்பிடிக்க வைச்ச கண்டு பதினாலு கிடக்கு.”

“ஒன்று போதும்.”

“தரலாம். ஆனா மூண்டு விஷயம் இருக்கு. கண்டு அசனார் காக்கா பேரிலதான் தருவன், அவர்தான் நடவேணும், பலகையில அவர்ட பேர் இருக்கவேணும்.”

அவர் படலையைப் பிடித்துக்கொண்டார். “சரி.”

“அவருக்கு நிரந்தர நியமனக் கடிதம் வந்திருக்கவேணும். பாத்துட்டுத்தான் தருவன்.”

அவர் சட்டைப்பையிலிருந்த பேனையைத் தொட்டுப் பார்த்தார். “எழுதுகிறேன். மூன்றாவது?”

“மூண்டு நல்ல மழை பெய்யவேணும். விரல் விட்டா அடியில ஈரம் இருக்கவேணும். அதுக்கு முதல் நட்டா செத்துப் போகும். இன்னொரு மரத்த நான் சாகக் குடுக்கமாட்டன்.”

“ஆவணிக்குள் பெய்யுமா?”

இமெல்டா படலைக் கொளுக்கியில் கையை வைத்தாள். விடைக்காக அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் தலையை நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கி, வெள்ளை வெளேரென்று கிடந்த வானத்தைப் பார்த்தார். கச்சான் காற்று அவருடைய சட்டையை ஊதிவிட்டது. அவர் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவள் படலையைச் சாத்திவிட்டுத் தையல் வகுப்புக்கு நேரமாகிறது என்று உள்ளே போனாள்.